வியாழக்கிழமைப் பரிசல்

...அசையக்கூடாதாம், அசைந்தால் பரிசல் சுற்றுமாம், சுற்றினால் மீன் மிரண்டு ஓடிவிடுமாம், இதைச் சொல்வதற்குள் அவரே மூன்று தடவை அசைந்துவிட்டார், பரிசலும் அரை வட்டம் அடித்து மலையைக் கொண்டுபோய் என் முதுகுப் பக்கம் வைத்துவிட்டது, நான் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் சிரிப்பு வரும், சிரித்தால் என் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார், கோபம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்... அடுத்த வியாழனும் வருகிறாயா, இனி ஒவ்வொரு வியாழனும் என்னோடு வருகிறாயா என்று. காலையில் ஸ்கூட்டரை எடுக்கும்போதே அது அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டதால் நின்றது. கரைக்குத் திரும்புவதற்குள் எப்படியும் கேட்பார். நான் வரமாட்டேன் என்று சொல்லியாகவேண்டும். ஏன் என்று கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று சொல்லமுடியாது, இருக்கிறது, அதைத்தான் சொல்லமுடியாது. முப்பத்தோரு வருடமாக நான் சமைத்ததைத் தின்று, நான் துவைத்ததை உடுத்திய மனுஷன், பேகம்பூரில் பாரூக் பாய் கடைப் பிரியாணி என்றால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஜனம் வரிசையில் நிற்கும், அந்த மனுஷன் என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு மயில் இறகுத் தண்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அதைப் பார், அதைப் பார் என்று புருவத்தாலேயே எனக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்கென்ன, நன்றாகத்தான் மிதக்கிறது.

ஒரு வாரமாகிறது. போன வெள்ளிக்கிழமை மதியம், சாப்பிட்டுக் கை கழுவி, வழக்கமாகப் பல் குத்திக்கொண்டே கடைக்குப் போகிறவர் போகாமல் உட்கார்ந்தார், உட்கார்ந்து தரையைப் பார்த்தார், அஜீஸு, உங்கிட்ட ஒரு பொய்ய ரொம்ப நாளாச் சொல்லிட்டு வாரேன் என்றார். எனக்கு உள்ளே எல்லாம் ஒரு நொடி நின்றுபோனது, பொய் என்னவென்று தெரியாமல் இல்லை, தெரிந்ததால். அய்யலூர் சந்தைக்கு இனி அக்மல்தான் போவான் என்று முந்தின நாள்தான் முடிவாகியிருந்தது, மகனுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடமாகிறது, ஆடு பார்த்து வாங்கத் தெரிந்துவிட்டது, நீங்கள் இனி இருட்டோடு எழுந்து அலையவேண்டாம் அத்தா என்று சொல்லிவிட்டான், பாசமாகத்தான் சொன்னான், இவருக்கு மூஞ்சி செத்துப்போனது. ஏனென்றால் சந்தை இல்லை என்றால் வியாழக்கிழமை இல்லை. அய்யலூர் சந்தை விடியுமுன்னே கூடி, வெயில் ஏறுமுன்னே கலைந்துவிடும், எட்டு மணிக்கெல்லாம் ஆட்டை வண்டியில் ஏற்றிக் கடைக்கு அனுப்பிவிட்டு ஆள் சும்மா ஆகிவிடுவார், ஆனால் வீட்டுக்கு வருவது சாயங்காலம் அஸர் தொழுகை கழிந்துதான். கேட்டால் தரகர் இழுத்தடித்தார், வண்டி பஞ்சர், ஒரு கிடா பிடி கொடுக்காமல் ஓடிப்போனது... பன்னிரண்டு வருடம் எத்தனை கிடா ஓடியிருக்கிறது. ஓடிய கிடாக்களை எல்லாம் சேர்த்தால் இந்த மலையே கொள்ளாது. அத்தனை நாளும் இங்கே, இந்த அணைத் தண்ணீரில், சோலைமுத்து என்ற மீன்பிடிக்காரனின் பரிசலில் உட்கார்ந்து தூண்டில் போட்டிருக்கிறார். வேற ஒண்ணுமில்ல அஜீஸு, அல்லாமேல ஆணையா மீனுதான் என்றார், கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த இடத்தில் நான் சிரித்திருக்கவேண்டும். எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லையே. ம் என்றேன், தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. நடிப்புத்தான், கொஞ்சம் நிஜமும் கலந்திருந்தது, எது எவ்வளவு என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. முதல் நாள் சாயங்காலம் நிலக்கோட்டை மல்லிகை நாலு முழம் வந்தது, மறுநாள் ஜாங்கிரி வந்தது, மருமகள் ருக்சானா என்ன மாமி, மாமாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள், ஒன்றுமில்லை என்று நான் ஜாங்கிரியைத் தின்றேன். வெட்கமில்லாமல் தின்றேன். ஒரு மனுஷன் மனதைத் திறந்து குற்றத்தைச் சொல்லிவிட்டுப் பரிகாரம் தேடிக்கொண்டிருக்கிறான், நான் நீதிபதி மாதிரி தலையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், என் மடியில் இருக்கிற பொய்யை எவரும் பார்க்கவில்லை என்ற தைரியம். செவ்வாய்க்கிழமை வந்து அவர் சொன்னார், ஒன்ன விட்டுட்டு இம்புட்டு வருசம் தனியா சந்தோசமா இருந்துட்டேன் அஜீஸு, அது தப்பு, இனிமே நீயும் வா. எவ்வளவு நல்ல மனது. நான் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அவர் அதை வேறுமாதிரி எடுத்துக்கொண்டிருப்பார்.

இப்போது இரை மாற்றுகிறார். டிபன் பாக்ஸைத் திறந்ததும் பட்டையும் சோம்புமாக எங்கள் கடை வாசனை தண்ணீருக்கு மேலே பரவுகிறது, புதன்கிழமைச் சட்டியின் அடிச்சோற்றைச் சுரண்டி மைதா மாவோடு பிசைந்து உருண்டை பிடித்து வைத்திருக்கிறார், மண்புழுவைத் தொட அருவருப்பாம், ஐம்பத்தெட்டு வயதில், ஆட்டுக் குடலை ஒற்றைக் கையால் உருவுகிற மனுஷனுக்கு மண்புழு அருவருப்பு. அந்த அடிச்சோற்றை நான்தான் வாரம் தவறாமல் டப்பாவில் போட்டுக் கொடுத்தேன், ஆட்டுக்கு என்று சொல்வார், வண்டியில் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஆட்டுக்குக் காட்டினால் ஏறிவிடும் என்பார். நானும் நம்பினேன். ஆட்டுக்கு ஆட்டுக்கறிச் சோறா என்று ஒருநாளும் எனக்குத் தோன்றாமல் போனதை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது, இதைக்கூட யோசிக்காமல், உண்மை தெரிகிறவரை எட்டு வருடம் டப்பா கட்டினேனே. இந்த அணை ஜிலேபி மீனுக்கு நம்ம கடைச் சோறுன்னா உசுரு, சோலைமுத்து புழுவக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பான், நான் ஒண்ணுக்கு மூணு எடுத்துருவேன் என்கிறார். பெருமை. கடையில் கூட்டம் நின்றால்கூட இந்தப் பெருமை இந்த முகத்தில் வந்ததில்லை. என் கையில் ஒரு தூண்டிலைக் கொடுத்திருக்கிறார், மூங்கில் குச்சி, நரம்பு, முள், நடுவில் தக்கையாக அந்த இறகுத் தண்டு, அது உள்ளே போனால் நான் இழுக்கவேண்டும், எப்போது இழுக்கவேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது என்று பத்து நிமிடம் பேசினார், அந்தப் பத்து நிமிடத்தில் அவர் தக்கை இரண்டு தடவை உள்ளே போய் வந்தது, அவர் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நன்றாகத்தான் இருக்கிறது இந்த இடம், இல்லை என்று சொல்லமாட்டேன். மலை இங்கே உள்ளே வளைந்து தண்ணீரைத் தன் இடுப்பில் இடுக்கிக்கொண்டிருக்கிறது, மூன்று பக்கமும் கரை, ஒரு பக்கம்தான் திறந்து அணையோடு சேர்கிறது, இதற்கு அவர் வைத்த பெயர் குடா. பள்ளிக்கூடத்தில் படித்த வார்த்தையாம், வேறு எங்கேயும் பயன்படுத்த வாய்ப்பு வரவில்லையாம். தூரத்தில் அணைச் சுவர், அதை ஒட்டி ஒரு புளியமரம், அதன் கீழே அவருடைய ஸ்கூட்டர், புளியமரத்துக்கு இந்தப் பக்கம் பஸ் வந்து திரும்புகிற இடம், அங்கே ஒரு கூரை, கூரைக்குக் கீழே... அங்கே பார்க்காதே அஜீஸுன்னிசா. காலையில் வரும்போது அந்தக் கடை திறந்திருக்கவில்லை, அடுப்பு மட்டும் கவிழ்த்துப் போட்ட சட்டியோடு இருந்தது, நான் அப்படியும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். துப்பட்டாவை மூக்குவரை இழுத்தேன். என்ன புள்ள, தூசியா என்று கேட்டார், ஆமாம் என்றேன், தூசியே இல்லை, நேற்றுத்தான் மழை பெய்தது.

எப்படி ஆரம்பித்தது என்றால்... பேங்குக்குப் போய்விட்டு வந்தேன், வியாழக்கிழமை, பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று டவுன் பஸ் விட்ட புதிது, ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது, காற்று நன்றாக வந்தது, என் ஸ்டாப் வந்தது, நான் எழுந்திருக்கவில்லை. தூங்கவும் இல்லை, மறக்கவும் இல்லை, எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். கண்டக்டர் எங்கம்மா இறங்கணும் என்றார், கடைசி ஸ்டாப் என்றேன், எது கடைசி ஸ்டாப் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அது சின்னாளபட்டியைத் தாண்டி ஏதோ ஒரு ஊர், இறங்கவில்லை, அதே பஸ்ஸில் திரும்பிவந்தேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது உடம்பு அப்படி லேசாக இருந்தது, ஏதோ ஒரு பெரிய வேலையைச் செய்துமுடித்தவள் மாதிரி. அதன்பிறகு ஒவ்வொரு வியாழனும். மருமகள் அந்த ஆரம்பத்தில் இல்லை, வந்த பிறகும் அவள் பள்ளிக்கூட வேலைக்குப் போய்விடுவாள், சாயங்காலம்தான் வருவாள், அன்றைக்குக் கடையிலிருந்து சாப்பாடு வந்துவிடும், என்ன வெஞ்சனம் என்று கேட்க ஆள் இல்லை, பத்து மணிக்குக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினால் நான் யாருக்கும் எவளும் இல்லை. நத்தம் பக்கம், வேடசந்தூர் பக்கம், வத்தலக்குண்டு ரோடு, எல்லாப் பக்கமும் போயிருக்கிறேன். பொழுது சாய்ந்து மஃரிபு ஆகுமுன்னால் வந்துவிடவேண்டும், விடிந்தால் ஜும்ஆ, அன்றைக்கு வெள்ளி ராவு, ஊதுவத்தி ஏற்றவேண்டும், பாத்திஹா ஓதவேண்டும், அவரும் அதற்குள் வந்துவிடுவார், ஆடு ஓடிப்போன கதையோடு. நானும் அவருக்கு ஒரு கதை வைத்திருப்பேன், இன்றைக்குப் பூராவும் அலமாரியைத் தட்டி அடுக்கினேன் என்று. எங்கள் வீட்டு அலமாரி அவ்வளவு சுத்தமாக இருக்கவேண்டியது.

அணைக்குப் போகிற பஸ்ஸில் ஏறியது நாலு வருடத்துக்கு முன்னால். புளியமரத்தடியில் அந்த ஸ்கூட்டரைப் பார்த்தேன். எத்தனையோ ஸ்கூட்டர் அதேமாதிரி இருக்கும், ஆனால் அந்த சீட்டு உறை நான் தைத்தது, என் அண்ணன் தோல் கிடங்கிலிருந்து கொண்டுவந்த துண்டை வைத்து, ஓரத்தில் ஒரு தையல் கோணலாகப் போய்விட்டது, அந்தக் கோணலை விரலால் தடவிப் பார்த்தேன், அதேதான். ஒரு பொம்பளை அந்த இடத்தில் என்ன நினைப்பாளோ அதைத்தான் நினைத்தேன். எந்த வீடு, எந்தத் தெரு, எத்தனை பிள்ளை என்றெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் ஒரு குடும்பத்தையே கட்டி முடித்துவிட்டேன். பிறகுதான் தண்ணீரில் அந்தப் புள்ளி தெரிந்தது. வட்டமாக ஒரு பரிசல், நடுவில் வெள்ளைத் தொப்பி, அசையாமல். பஸ் திரும்ப இருபது நிமிடம் ஆகும், அந்த இருபது நிமிடமும் அந்தப் புள்ளி அசையவில்லை. இந்த மனுஷனா, சாப்பிடும்போதுகூட ஒரு காலை ஆட்டிக்கொண்டே இருக்கிற, தூக்கத்தில் கணக்குச் சொல்கிற இந்த மனுஷனா என்று பார்த்துக்கொண்டே நின்றேன், சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கூரைக்குக் கீழே மீன் வறுத்துக்கொண்டிருந்த பெண் என்னக்கா, சாப்பிடுறீகளா என்றாள், ரெண்டு துண்டு வாங்கித் தின்றேன். அதிலிருந்து வேறு பஸ்ஸில் ஏறுவதே குறைந்துபோனது. இறங்கி, வறுத்த மீன் தின்றுகொண்டே, தண்ணீரில் என் புருஷனைப் பார்ப்பேன், பஸ்காரர் ஹாரன் அடித்ததும் ஏறிவிடுவேன். இதை எப்படி அவரிடம் சொல்வது? நீங்கள் மீன் பிடிப்பது எனக்குத் தெரியும் என்றால் எப்படித் தெரியும் என்று கேட்பார், எப்படி என்று சொன்னால் பஸ் வெளியே வந்துவிடும், பஸ் வெளியே வந்தால் அது என்னுடையதாக இருக்காது. பாவம், கோபப்படமாட்டார். அதுதான் பிரச்சினை. ஏன் புள்ள பஸ்ல போய் கஷ்டப்படுற, நான் ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போறேன் என்பார்.

என் தக்கை உள்ளே போகிறது. போய்விட்டது, காணவே காணோம், இழு, இழு என்று அவர் எழுந்துவிட்டார், அசையக்கூடாது என்ற மனுஷன் பரிசலில் எழுந்து நிற்கிறார், நான் இழுத்தேன், மூங்கில் வளைந்தது, கையில் ஏதோ ஒன்று என்னைப் பிடித்துக் கீழே இழுத்தது, உயிருள்ள ஒன்று, யா அல்லாஹ் என்று கத்திவிட்டேன். உள்ளங்கை அளவு இல்லை, இரண்டு உள்ளங்கை அளவு ஜிலேபி, என் மடியில் விழுந்து துள்ளுகிறது, அங்கி நனைந்துபோனது, அவர் அதைப் பிடிக்கப் போய் என் முழங்காலைப் பிடித்து, இரண்டு பேரும் சிரித்து, பரிசல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி... எப்போது இப்படிச் சிரித்தோம்? அக்மல் பிறந்த வருடம் கடை அடுப்புப் புகையில் இரண்டு பேர் முகமும் கரியாக இருந்தபோது ஒருதடவை. மொத மீனே இம்புட்டுப் பெருசு, நான் மொத நா வந்தப்ப ஒண்ணும் மாட்டல தெரியுமா என்கிறார். கண் எல்லாம் ஈரம். இந்த முகத்தைப் பார்த்து எப்படி நான் வரமாட்டேன் என்று சொல்வேன்? வந்தால்தான் என்ன? வாரம் ஒருநாள், புருஷனோடு, தண்ணீரில், எத்தனை பேருக்குக் கிடைக்கும்? கடைசி ஸ்டாப் வரைக்கும் யாரோடும் பேசாமல் போய்வருவதில் அப்படி என்ன இருக்கிறது, எடுத்துச் சொன்னால் எவராவது நம்புவார்களா, அதற்காகவா இந்த மனுஷனை நோகடிக்கப்போகிறாய்?

வெயில் ஏறிவிட்டது, குடையை விரித்து என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருக்கிறார், அவர் பாதி வெயிலில் இருக்கிறார். பேசிக்கொண்டே இருக்கிறார். சோலைமுத்து எப்படிப் பழக்கமானான், மீனவர் சங்கத்தில் அவன் பெயருக்குத்தான் பரிசல், முதலில் துடுப்பைத் தவறவிட்டு நடுத்தண்ணீரில் நின்றது, ஒருதடவை மலையில் மழை பெய்து மூங்கில் அடித்துக்கொண்டு வந்தது. காதில் விழுகிறது, மனதில் நிற்கவில்லை, அணைச் சுவருக்கு அந்தப் பக்கம் வளைவில் முன்பக்கம் ரோஸ் பெயின்ட் அடித்த பஸ் வருகிறது. என் பஸ். நான் இல்லாமல் வருகிறது. டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது ஜன்னல், அங்கே இன்றைக்கு யார் உட்கார்ந்திருக்கிறாளோ, யாரோ ஒருத்தி என் காற்றை வாங்கிக்கொண்டு வருகிறாள். அந்தா வந்துருச்சு பாரு, மணி பன்னெண்டு நாப்பது என்றார் அவர், கையில் வாட்ச் இருக்கிறது, அதைப் பார்க்காமலே. அந்த பஸ்ஸுதான் எனக்குக் கடியாரம், அது வந்து திரும்புனா நானும் கரைக்குத் திரும்பிருவேன், ளுஹர் தொழணும்ல. நான் அவரைப் பார்த்த அந்த நேரமெல்லாம் அவரும் இந்தப் பக்கம் பார்த்திருக்கிறார், என்னை அல்ல, பஸ்ஸை. மீனை எல்லாம் என்ன செய்வீர்கள், ஒருநாளும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லையே என்று கேட்டேன், பேச்சை மாற்றத்தான் கேட்டேன். எங்கிட்டுக் கொண்டு வர, அய்யலூர்ல மீனு விக்கிதுனா சொல்ல முடியும், சோலைமுத்து பொஞ்சாதி சண்முகவள்ளி இருக்குல்ல, பஸ் நிக்கிற எடத்துல கடை போட்டிருக்கு, அது கடை தெறக்குறப்பவே ஒரு எட்டு கரைக்குப் போய் புடிச்ச அம்புட்டையும் அதுக்குத்தான் குடுத்துருவேன், வறுத்து வித்துரும்.

நான் தண்ணீரைப் பார்த்தேன். அவர் வேறு என்னவோ சொல்லிக்கொண்டு போகிறார். நாலு வருடம். வாரத்துக்கு இரண்டு துண்டு. கெட்டியாக மிளகாய் பூசி, ஓரம் முறுகி, முள்ளை நாக்கால் ஒதுக்கி... அது அவர் பிடித்ததா? அன்றன்றைக்குக் காலையில் பிடித்ததாகத்தான் இருக்கும், எங்கள் கடை அடிச்சோற்றைத் தின்ற மீன், நான் டப்பாவில் அடைத்துக் கொடுத்த சோற்றைத் தின்ற மீன். கடையில் உழைத்துப் போட்டது பற்றாது என்று ஒளிந்து வந்த இடத்திலும் இந்த மனுஷன் எனக்கு வயிற்றுக்குப் போட்டிருக்கிறார், அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்போதே சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொன்னால் எவ்வளவு சந்தோஷப்படுவார், பரிசலே கவிழ்ந்துவிடும். அப்போதுதான் அவர், கரைக்குப் போய்த் தொழுதுட்டு அங்கயே ஒன் மீன வறுக்கச் சொல்லித் திம்போம், சண்முகவள்ளி கைப்பக்குவம் நீ ஒரு நா சாப்பிட்டுப் பாரு என்றார், துடுப்பை எடுத்துவிட்டார், அடடா, எவ்வளவு அழகாகத் துடுப்புப் போடுகிறார், எனக்கு அதைப் பார்க்கவும் முடியவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் வாங்கக்கா என்பாள். இந்த வாரம் பஸ்ஸில் வரவில்லையா என்பாள். அவ்வளவுதான், முடிந்தது, ஒரு வாரமாக அவரைக் கூண்டில் நிறுத்தி ஜாங்கிரி தின்றவள் நானென்று தெரிந்துவிடும். சொல், அஜீஸு, இங்கேயே சொல்லிவிடு, கரை இன்னும் தூரத்தில் இருக்கிறது.

ஏங்க என்றேன். என்ன புள்ள என்று துடுப்பை நிறுத்திவிட்டார். நிறுத்தி, முகமெல்லாம் காதாக என்னைப் பார்த்தார். காலையிலிருந்து இப்படித்தான், நான் தொண்டையைச் செருமினால்கூடத் திரும்புகிறார், வெயிலா, தண்ணீர் வேண்டுமா, கால் மரத்துவிட்டதா, பயமாக இருக்கிறதா... அந்தப் பார்வையில் எனக்கு ஒன்று உறைத்தது. நான் நாலு வருடமாகப் பார்த்த ஆள் இவர் இல்லை. அந்தப் புள்ளி அசையாமல் இருக்கும். காலை ஆட்டாது, யாரையும் கவனிக்காது, யாரிடமும் மன்னிப்புக் கேட்காது. இன்றைக்கு இந்தப் பரிசலில் கடை முதலாளி இருக்கிறார், விருந்தாளிக்குத் தட்டு காலியாகவிடாமல் நிற்கிறவர், தன் தக்கையை ஒருதடவைகூடப் பார்க்காதவர். அந்த முதலாளியை இங்கேயும் நான்தான் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஒன்றுமில்லை, மெதுவாகவே போங்கள் என்றேன். கரை வந்துவிட்டது.

சோலைமுத்து ஓடிவந்து பரிசலைப் பிடித்தான், அம்மாவுக்கே மாட்டிருச்சா பாய் என்று மீனைத் தூக்கிப் பார்த்தான், இவர் துண்டை விரித்துப் புளியமரத்தடியில் தொழுதார், நானும் ஒரு ஓரமாகத் தொழுதேன், ஓதும்போதெல்லாம் கவனம் கூரைக்குக் கீழேயே இருந்தது, அல்லாஹ் மன்னிக்கட்டும். பஸ் போயிருந்தது. நாங்கள் போய் நின்றதும் சண்முகவள்ளி அடுப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அப்புறம் தண்ணீரை, கரையில் கவிழ்த்துப் போட்ட பரிசலை, மறுபடி என்னை. ஒவ்வொரு வியாழனும் நான் எங்கே நின்று எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு தின்பேன் என்று அவளுக்குத் தெரியும். வாங்க பாய், இதான் வீட்டுல அம்மாவா, இப்பத்தான் மொத மொதப் பாக்குறேன் என்றாள். முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. மீனைக் கழுவி, கீறி, மசாலா தடவிக் கல்லில் போட்டாள், அது முறுகும் மட்டும் அடுப்பைப் பார்த்தே நின்றாள். முதல் தட்டை அவருக்குக் கொடுத்தாள், இரண்டாவதை எனக்கு. வெங்காயம் வைக்கவில்லை. வெங்காயம் வேண்டாம் என்று இன்றைக்கு நான் சொல்லவே இல்லை.

அவர் அதைக் கவனிக்கவில்லை, எப்படி இருக்கு, எப்படி இருக்கு என்று என் வாயையே பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றேன், நிஜமாகவே நன்றாக இருந்தது, இதற்கு முன்னால் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. அப்போதுதான் கேட்டார், கை கழுவிக்கொண்டே, ஒன்றும் பெரிய விஷயம் இல்லை என்பதுமாதிரி. அடுத்த வியாழனும் வருவேல்ல அஜீஸு?

எல்லாம் தயாராக வைத்திருந்தேன், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, முழங்கால் வலிக்கிறது, ருக்சானாவுக்கு ஏதாவது, ஒன்றும் வரவில்லை. இல்லீங்க, வியாழக்கெழம எனக்கு வேற சோலி இருக்கு, நீங்க போய்ட்டு வாங்க என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. நொந்துபோவார் என்று தயாராக இருந்தேன், தாங்கிக்கொள்ள, தேற்ற, கொஞ்சம் இறங்கிவரக்கூட. அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார், அந்த முகத்தில் ஒரு நொடி, ஒரே நொடிதான், தோள் இரண்டும் தளர்ந்து, நெற்றிச் சுருக்கம் விரிந்து, நான் தூரத்திலிருந்து நாலு வருடம் பார்த்த அந்த ஆள் வந்து போனார். நிம்மதி. வேறு பெயர் வைத்து ஏமாற்றிக்கொள்ள முடியாத நிம்மதி. உடனே சுதாரித்துக்கொண்டார், அப்படியா, சரி சரி, ஒனக்குத் தோணுறப்ப ஒரு நா வா என்றார், என்ன சோலி என்று கேட்கவில்லை. ஸ்கூட்டரை எடுக்கப் போனார், சாவியை விரலில் சுற்றிக்கொண்டே போனார்.

சண்முகவள்ளி தட்டை வாங்கிக்கொண்டாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது, முழுசாக, எந்தக் கேள்வியும் இல்லாமல் கிடைத்துவிட்டது, அடுத்த வியாழன் பத்து மணிக்குக் கதவைப் பூட்டலாம், மூன்றாவது ஜன்னல், காற்று, எல்லாம் அப்படியே இருக்கிறது, அவரும் தண்ணீரில் அசையாமல் இருப்பார், நான் இல்லாததால்தான் அப்படி இருப்பார், அவர் இல்லாததால் நான் இருப்பதுபோல. இரண்டு பேருக்கும் ஒரே மருந்து. இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? நானே சொன்னதுதானே, வரமாட்டேன் என்று நான்தானே சொன்னேன்... ஏறு புள்ள, நேரமாச்சு என்கிறார், ஏறி உட்காருகிறேன், வண்டி நகர்கிறது, அவர் முதுகு வெயிலில் சுடுகிறது, ஏன் வரமாட்டேங்குற என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம்.